நான் மாற்றாத அட்டை

முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அக்காவைப் பற்றி நல்லதாக நான்கு வார்த்தை எழுதித் தருவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். அதோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது திருப்பத்தூரில். அப்பாவுக்கு பெங்களூரில் மில் வேலை கிடைத்ததும் விவேக் நகருக்கு வந்தோம். அப்பா காலமானபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது. கண் பரிசோதனைப் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்தார். என்னையும் அதே படிப்பில் சேர்த்துவிட்டார். பிறகு சர்ச்சுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பரிசோதனை நிலையம் திறந்தார். பதினெட்டு வருஷம் இருவரும் அடுத்தடுத்த நாற்காலியில் வேலை பார்த்தோம். வியாழக்கிழமைகளில் விசேஷப் பிரார்த்தனைக்காகச் சர்ச்சுக்கு வரும் கூட்டத்தில் பாதி எங்களிடமும் வரும். அக்காவின் பொறுமை முழுவதும் அவர்களுக்கு. எனக்குத் திட்டுதான்.

அதிகம் வாங்கிய திட்டு, பார்வையைச் சோதிக்கச் சுவரில் மாட்டும் எழுத்து அட்டைக்காக. "வரிசையில நிக்கிறப்பவே பசங்க மனப்பாடம் பண்ணிடும்டா. ஒரு கண்ணு முடிஞ்சதும் அட்டைய மாத்து" என்பார்.

ஆயுத பூஜையன்று கருவிகளுக்குப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைத்ததும், ஒருவர் கண்ணை ஒருவர் பரிசோதிப்பது எங்கள் வழக்கம். அக்கா இடது கண்ணால் கடைசி வரி வரை படிப்பார். வலது கண்ணாலும் படிப்பார். நான் அட்டையை மாற்றியதே இல்லை. அக்காவையே சந்தேகப்படுவதா என்று நினைத்தேனா, பொரி கொடுக்கும் அவசரமா, தெரியவில்லை.

போன வருஷம் அக்கா மட்டும் ஹெப்பகோடிக்குப் போய் ஆலைத் தொழிலாளர்களுக்குக் கண் முகாம் நடத்திவிட்டுச் சாலையைக் கடந்தபோது, வலப்பக்கமிருந்து வந்த வேன் அவரை இடித்துவிட்டது. பட்டப்பகல். அவ்வளவு பெரிய வண்டியை எப்படிப் பார்க்காமல் போனார் என்று எல்லோரும் கேட்டீர்கள். மூன்றாம் நாள் அக்கா போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் கைப்பையில் சொட்டு மருந்துப் புட்டி ஒன்று கிடைத்தது. கண் அழுத்த நோய்க்கானது. எழுதிக் கொடுத்த டாக்டரைத் தேடிப் போனேன். வலது கண் பார்வை இரண்டு வருஷத்துக்கு முன்பே முழுவதும் போய்விட்டது என்றார். வீட்டில் சொல்லும்படி அவரும் வற்புறுத்தினாராம். அக்கா சொன்ன பதில் இது: "தம்பிக்குத் தெரிஞ்சா என்னை வீட்ல உக்கார வச்சிடுவான் டாக்டர். இன்னொரு கண்ணு நல்லாத்தானே இருக்கு."

இரண்டு ஆயுத பூஜைக்கு அக்கா என் எதிரே உட்கார்ந்து மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறார். அட்டையை மாற்றியிருந்தால் முதல் எழுத்திலேயே மாட்டியிருப்பார். பெரிய சண்டை வந்திருக்கும். வரட்டுமே. அன்று கூடவே போய்க் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்திருப்பேன். ஊரார் கண்ணையெல்லாம் பார்த்த நான் அக்கா கண்ணைப் பார்க்கவில்லை. இதை எப்படித் தாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்காவைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடிய, பெயர்கூடச் சொல்லாத கன்னட அண்ணனுக்கும், ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

இந்த ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைத்ததும் அட்டையை மாற்றி மாட்டினேன். பொரி வாங்க வந்த பக்கத்துக் கடைக்காரர் காலி நாற்காலியைப் பார்த்து, "யாருக்கு சார் டெஸ்டு?" என்று கேட்டார்.

அக்காவுக்கு என்றேன்.