தொட்டுப் பார்க்க மட்டும் ஒரு ஹேண்ட்போன் கடை

ஹேண்ட்போன், கம்ப்யூட்டர் விற்கிற தொழிலில் சரக்கு அழுகாது. ஆனால் பக்கத்து ஜெராம் கடற்கரை மீனைவிடச் சீக்கிரம் மதிப்பிழந்து போகும். இது தெரியாமல் கோலா சிலாங்கூரில் கடை திறந்தவள் நான். என் கணவர் லோரி ஓட்டுகிறார். அவர் சம்பளத்தில் வீடு நடக்கிறது, கடை என் பொறுப்பு. ரிப்பேர் வேலைக்குச் சேகர் என்று ஒரு தம்பி இருக்கிறான். உங்களில் யாராவது இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருந்தால், இதைப் படித்து ஆறுதல் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் தனியாக இல்லை என்பது மட்டும் தெரியும்.

நீல நிறம்

ஜெராமிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். ஒரு புது மாடல் போனைக் கேட்டார். கேமரா எப்படி, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், கீழே விழுந்தால் உடையுமா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். நானும் சளைக்காமல் சொன்னேன். நிறத்தைப் பார்க்க வேண்டும் என்றார். சீல் ஒட்டியிருந்த பெட்டியையே பிரித்துக் காட்டினேன். பிறகு அவர் தன் பழைய போனை எடுத்து, என் எதிரிலேயே நின்றுகொண்டு ஆன்லைனில் விலை பார்த்தார். அந்த விலைக்கு எனக்கே சரக்கு கிடைக்காது. முடியாது டீச்சர் என்றேன். பரவாயில்லை என்று சிரித்தபடி போய்விட்டார்.

அடுத்த வாரம் பார்சலோடு வந்தார். பழைய போனில் இருக்கிற நம்பர், படம் எல்லாவற்றையும் புதியதில் ஏற்றித் தர வேண்டுமாம். சேகர் என்னைப் பார்த்தான். டீச்சர் வீட்டில் எல்லாரும் நம்மிடம்தான் டாப்-அப் போடுகிறார்கள், எப்படி மறுப்பது? செய்து கொடுத்தான். கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் போனை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க காட்டுன நீலம் மாதிரி இது இல்லையே அக்கா. அந்த ஆன்லைன்காரன்கிட்ட நீங்க கொஞ்சம் பேசி மாத்தித் தர முடியுமா?"

பள்ளி திறந்த செய்தி

நோய்க்காலத்தில் எல்லாரும் வீட்டில் அடைபட்டு, பாடமெல்லாம் போனில் நடந்தபோது, பாமாயில் தோட்டத்து ஆட்கள் டேப்லட் கேட்டு வந்தபடி இருந்தார்கள். செம்பனைக் குலை வெட்டுகிற முனியாண்டி அண்ணன் டவுனுக்கு வரும்போதெல்லாம் தலையை நீட்டிக் கேட்பார். அவர் வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே போன். எங்கேயும் சரக்கில்லை. நான் வளையலை அடகு வைத்து மொத்தமாக ஆர்டர் கொடுத்தேன். கப்பல் தாமதம், பிறகு வரும், நாளை வரும் என்றார்கள். பெட்டிகள் வந்து இறங்கியபோது பள்ளிகள் திறக்க ஆரம்பித்திருந்தன.

என் மகளும் பள்ளிக்குப் போகிறவள்தான். ஆனாலும் பள்ளி திறக்கிற செய்தி டிவியில் வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. விலையைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன். பெட்டிக்குள் இருந்தபடியே பேட்டரிகள் செத்தன. முனியாண்டி அண்ணன் ஒருநாள் சார்ஜர் வாங்க வந்தார். வாங்கிய விலைக்கும் கீழே தருகிறேன், ஒன்றாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு:

"ஸ்கூல் தொறந்துட்டாங்க லா தங்கச்சி. பிள்ளைங்க கூட்டாளிங்களோட ஓடி விளையாடுதுங்க. நீ சந்தோஷப்படலையா?"

டாலர்

கிள்ளானிலிருந்து சரக்கு கொண்டுவரும் ஏஜண்டு குமரன் நல்ல பையன். டாலர் ஏறினால் அன்றைக்கே விலையை ஏற்றிவிடுவான். ஒருமுறை நம் வெள்ளி, அதாவது ரிங்கிட், கொஞ்சம் பலமானது. இனி மூச்சு விடலாம் என்று நினைத்து, விலையைக் குறை தம்பி என்றேன். அவன் வேன் கதவைச் சாத்திக்கொண்டே, கோபமே இல்லாமல் விளக்கினான்:

"ஏறும்போது வர்றது புது ஸ்டாக்கு அக்கா. இறங்கும்போது கையில இருக்கறது பழைய ஸ்டாக்கு."

வாரண்டி

ஃபேக்டரி கேண்டீனில் சமைக்கிற செல்லம்மா அக்கா, காலேஜுக்குப் போகும் மகளுக்காக என்னிடம் லேப்டாப் வாங்கினார். சில மாதத்திலேயே அது உயிரை விட்டது. வாரண்டி இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று சொல்லி, இறக்குமதி செய்த கம்பெனிக்கு அனுப்பினேன். பதில் இல்லை. போன் எடுக்க ஆளில்லை. சேகர் கோலாலம்பூருக்கே போய்ப் பார்த்தான். ஷட்டர் இறங்கியிருந்ததாம். வாசலில் என்னைப் போன்ற கடைக்காரர்கள் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். உள்ளே மாட்டிய லேப்டாப் திரும்பி வரவே இல்லை.

செல்லம்மா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பெனி திவால், எனக்கும் நஷ்டம்தான், சட்டப்படி அவர்கள்தான் பொறுப்பு. அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். சண்டை போட்டிருந்தால் நானும் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். அலமாரியிலிருந்து வேறொரு புது லேப்டாப்பை எடுத்து அவர் கையில் நான் கொடுத்ததற்குக் காரணம், அவர் மெதுவாகச் சொன்ன இதுதான்:

"எனக்கு அந்தக் கம்பெனியைத் தெரியாதும்மா. உன்னைத்தான் தெரியும்."

ரவாங் வேலை

கடைசியில் ரிப்பேர் வேலைதான் கடையைத் தாங்கியது. அதாவது சேகர்தான் தாங்கினான். வாடகையைக் கட்டிவிட்டு அவன் சம்பளத்தைக் கொடுத்தால் எனக்கென்று மிஞ்சாது. மூடிவிடு என்று கணவர் சொல்லிக்கொண்டே இருந்தார். சேகருக்கு வேறு என்ன வழி, அவன் மனைவி வேறு முழுகாமல் இருக்கிறாள் என்று நான் சமாளிப்பேன். ரவாங்கில் ஒரு ஃபேக்டரி அவனைக் கூப்பிட்டதும், அவன் மறுத்ததும் அரசல் புரசலாக என் காதுக்கு வந்திருந்தன. அவனுக்கு இந்தக் கடை மேல் அவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடை இடத்துச் சொந்தக்காரர் வாடகையை இன்னும் ஏற்றப்போவதாகச் சொன்ன மறுநாள், ஆளில்லாத மத்தியானத்தில், இரண்டு பேருக்கும் தேத்தண்ணி வாங்கி வந்து வைத்தேன். ரவாங் வேலை இன்னும் இருந்தால் போய்விடு தம்பி, என்னால் இனி இழுக்க முடியாது என்றேன். சொல்லும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் திருகிக்கொண்டிருந்த போனைக் கீழே வைத்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டான்:

"நான் போயிட்டா நீங்க கடையை மூடிருவீங்கன்னுதான் அக்கா அந்த வேலையை ரெண்டு தடவை வேணாம்னு சொன்னேன். நீங்க எனக்காகத்தான் மூடாம இருந்தீங்களா?"

மாதக் கடைசியில் கடை மூடப்படும் என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மலிவாகக் கிடைக்குமா என்று அதைப் பார்த்து வருகிறார்கள்; திறப்பு விழாவுக்குக்கூட இவ்வளவு கூட்டம் வந்ததில்லை.