சிரிப்பை வெட்டிய செய்தி

என் தம்பி உலகத்துக்கே தெரிந்தவனானது சில நொடிகளுக்குத்தான். அந்தச் சில நொடிகளில் அவன் சொன்னது பொய் இல்லை, டிவியில் காட்டியதும் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். பொய்யாக இருந்தால் பொய் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன்.

நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவள். தம்பி சாணார்பட்டிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊரிலேயே கறிக்கோழிக் கடை வைத்திருக்கிறான். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அம்மாவின் சொந்தத்தில் பாதிப் பேர் மாரியம்மன் கோயில்காரர்கள். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் எட்டு நாள் ஊரில் யாரும் கறி எடுக்க மாட்டார்கள். அந்த எட்டு நாளும் தம்பி கடையை அடைத்து, ஷட்டரில் ஒரு கொத்து வேப்பிலையும் செருகிவிட்டு, பகலெல்லாம் தூங்குவான். அடை என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. அப்பா ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்தபோது அவரும் அடைத்தார், அவ்வளவுதான்.

போன வருடம் அந்த எட்டு நாளுக்குள்தான் வெளிநாட்டுச் செய்திச் சேனல்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். இங்கே கிராமங்களில் மதம் என்ன செய்கிறது என்று ஒரு நிகழ்ச்சியாம். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மாதிரிச் சேனல்களைப் போட்டுக் காட்டித்தான் நான் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நம் ஆட்கள் மாதிரிக் கத்த மாட்டார்கள், இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவர்களைத் தம்பி கடைக்கு அழைத்துப் போனதும் நான்தான்.

செய்தியாளர் நல்ல பெண். முந்தின நாள் திண்டுக்கல்லில் பிரியாணி சாப்பிட்டுக் கண்ணில் தண்ணீர் வந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கேமரா ஓடத் தொடங்கியதும் கேட்டாள்: "இப்போது கடையைத் திறந்தால் என்ன ஆகும்?"

"தொறந்தா ஊரே சேந்து அடிச்சு நொறுக்கிரும்" என்று தம்பி வயிறு குலுங்கச் சிரித்தான். சிரிப்பு அடங்குவதற்குள், "மொத ஆளா எங்க அம்மாவே வெளக்கமாத்தத் தூக்கிக்கிட்டு வந்துரும்" என்றான்.

"வராம என்ன, வருவேன்" என்றாள் பின்னால் நின்ற அம்மா. கேமராக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

அப்படியானால் இந்த ஊரில் எல்லோரும் சமமா என்று அவள் அடுத்துக் கேட்டாள். தம்பிக்குச் சிரிப்பு போய்விட்டது. "மதத்துல ஒண்ணும் இல்லக்கா. ஆனா சாதின்னு வந்தா, அம்மன் சப்பரமும் கீழத்தெருவுக்குள்ள போகாது, மாதா சப்பரமும் போகாது. ரெண்டும் அந்த முக்கோட திரும்பிரும். அதுல மட்டும் ரெண்டு சாமிக்கும் அம்புட்டு ஒத்துமை" என்றான். அதையும் மொழிபெயர்த்தேன். அவள் தலையாட்டினாள், குறித்துக்கொண்டது மாதிரித் தெரியவில்லை.

நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது ஷட்டர் வந்தது. வேப்பிலை வந்தது, ஒருமுறை இல்லை, மூன்று முறை. யாரோ எதிரி வந்து அடையாளம் வைத்துவிட்டுப் போனதுபோல நெருக்கத்தில் காட்டினார்கள். சிறுபான்மைக் கிறிஸ்தவர் ஒருவரின் கடை என்றது பின்னணிக் குரல். பிறகு தம்பி வந்தான். தொறந்தா ஊரே சேந்து அடிச்சு நொறுக்கிரும் என்றான். அத்தோடு வெட்டு. சிரிப்பு இல்லை, விளக்குமாறு இல்லை, அம்மா இல்லை, கீழத்தெரு இல்லவே இல்லை.

இரண்டு வாரத்தில் அந்தத் துண்டு தமிழ் எழுத்தோடு எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. டவுன் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் அதைப் பார்த்து, "பாவம், எப்படிப் பயந்து போயிருக்கான் பாருங்க" என்று என்னிடமே காட்டினாள். ஊருக்கு இரண்டு கார் வந்தது. ஒன்றில் வந்தவர்கள் தம்பிக்குப் பாதுகாப்புக் கொடுப்பதாகச் சொன்னார்கள். இன்னொன்றில் வந்தவர்கள் அவன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். இரண்டு கூட்டமும் வந்தவுடன் செய்த முதல் வேலை போனைத் தூக்கிப் பிடித்ததுதான்.

திருவிழா முடிந்து கடையைத் திறந்து வைத்திருந்தவனிடம் அதன்பிறகு ஆள் வரவில்லை. கோழி வாங்கச் சாணார்பட்டிக்குப் பஸ் ஏறினார்கள். மாரியம்மன் கோயில் காரியம் பார்க்கும் பெரியவர் எங்கள் அம்மாவுக்கு அண்ணன் முறை, எங்களுக்கு மாமா. அவர் ஒருநாள் கடை முன்னால் நின்று, "ஏன் மாப்ள, நான் ஒன்ன அடிப்பேனாடா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். தம்பி ரோஷக்காரன். யாரிடமும் போய் விளக்கம் சொல்லவில்லை. சோறு மட்டும் இறங்கவில்லை அவனுக்கு.

நான் அந்தச் சேனலின் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். நிகழ்ச்சியின் பொறுப்பாளர் பொறுமையாகப் பேசினார். உங்கள் தம்பி சொன்னதைத்தான் போட்டோம், நாங்கள் எந்தப் பக்கமும் சாய்வதில்லை என்றார். சொன்னதில் பாதியைப் போட்டீர்கள் என்றேன். நேரம் போதவில்லை என்றார். வேப்பிலையை மூன்று முறை காட்ட மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வேண்டுமானால் இணையப் பக்கத்தில் ஒரு வரி சேர்க்கிறோம் என்றார். உங்கள் வரியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று போனை வைத்துவிட்டேன். என் பள்ளிப் பிள்ளைகளிடம் நான் சொன்னதையெல்லாம் நினைத்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு நல்ல காரியம் செய்திருந்தேன். மொழிபெயர்ப்பில் பிசகு வந்தால் சரிபார்க்க, பேட்டி முழுவதையும் என் போனில் பதிவு செய்திருந்தேன். அதை மாமா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். விளக்குமாறு வந்ததும் அவர் சிரித்தார், சிரித்து முடித்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம மந்தையில ஸ்பீக்கர் கட்டிப் போடு ஆத்தா. ஊரு கேக்கட்டும்" என்றார். நான் எழுந்தபோது, "அந்தச் சப்பரச் சங்கதிய மட்டும் எடுத்துரு" என்றார்.

மறுநாள் எங்கள் மாதா கோயில் உபதேசியாரும் போன் செய்தார். அவர் கேட்டதும் அதேதான். "கீழத்தெருப் பேச்சு வேண்டாம் டீச்சர். தம்பி பேரு சுத்தமானாப் போதும்ல?" என்றார்.

பொய் சொல்ல மாட்டேன், வெட்டிவிடலாம் என்று நினைத்தேன். வெட்டுவது எவ்வளவு சுலபம் என்று அன்றுதான் தெரிந்தது. விரலை இரண்டு தடவை இழுத்தால் போதும், தம்பியின் கடை பழையபடி ஓடும். அந்தச் சேனல்காரர்கள் தேடி வந்த அநியாயம் எங்கள் ஊரில் இல்லை. இருக்கிற அநியாயத்தை அவர்கள் தேடவே இல்லை. அவர்களைத் திட்டித் தீர்த்த நான், இப்போது அதே கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் தம்பியிடமே கேட்டேன். "என் வாயில வந்தத இன்னும் எத்தன பேருதான் வெட்டுவீக? முழுசாப் போடு" என்றான். முழுசாகப் போட்டதால் இன்றுவரை அவனுக்குப் பாதி வியாபாரம்தான் திரும்பியிருக்கிறது. மாமா வீட்டில் இப்போதும் சாணார்பட்டிக் கோழிதான். அதற்காக அவன் வருந்தி நான் பார்க்கவில்லை, நானும் வருந்தவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் ஊர்ப் பொதுத்திடலான மந்தைக்கு வந்தார்கள். கீழத்தெருக்காரர்கள் வழக்கம்போல ஓரமாக நின்றார்கள். அம்மாவின் குரல் ஸ்பீக்கரில் வந்ததும் கூட்டம் மொத்தமும் சிரித்தது. பிறகு சப்பரம் வந்தது. ரெண்டு சாமிக்கும் அம்புட்டு ஒத்துமை என்று தம்பி சொன்னபோது மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதிவு முடிந்ததும் உபதேசியார் எழுந்தார். "என்ன டீச்சர், இதையெல்லாம் வெளிய சொல்லலாமா?"

"வெளிய எங்க சொன்னேன்?" என்றேன். "வெளியில உள்ளவுக இது வேணாம்னு வெட்டி எறிஞ்சுட்டாக. நான் உங்களுக்குத்தான் போட்டேன்."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாரானார். அப்போது ஓரத்தில் நின்ற கீழத்தெரு அம்மாள் ஒருத்தி, அதுவரை அந்த மந்தையில் வாய் திறந்து நான் பார்த்தே இராதவள், கையை உயர்த்தினாள்.

"எங்களுக்கு இங்க சரியாக் கேக்கல டீச்சர். கடைசியில தம்பி சொன்னத மட்டும் இன்னொருக்காப் போடுங்க" என்றாள்.

சத்தத்தைக் கூட்டி மறுபடியும் போட்டேன்.