ஒரு வண்டியை விட்டுவிடுபவர்

அறுபதுகளின் கடைசியில், வேப்பம்பட்டு ரயில் நிலையத்தில் மாலை வண்டி வந்ததும் எல்லோரும் முண்டியடித்து ஏறுவோம். அந்த ஊர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மட்டும் ஏறமாட்டார். ஒல்லியான மனிதர். கையில் குடை, வலது சட்டைக்கையில் சாக்பீஸ் தூள். குழாயில் முகம் கழுவிக்கொண்டு, பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். ஒரு மணி நேரம் கழித்து வரும் அடுத்த வண்டியில்தான் திருவள்ளூருக்குப் போவார்.

"இன்னா வாத்தியாரே, ஊட்ல சண்டையா?" என்று பால்காரர் ஒருவர் தினமும் சீண்டுவார். இவர் சிரிப்பதோடு சரி.

ஒருநாள் நான் காரணம் கேட்டேன். தொண்டை கட்டிய குரலில் சொன்னார்.

"அஞ்சு கிளாசுக்கும் நான் ஒருத்தன்தான் சார். இன்னொரு வாத்தியார் மாத்தலாகிப் போயி ஒரு வருசம் ஆச்சு. நாள் பூரா கத்திகினே கீறேன். அங்க பசங்க மேல கை வைக்கறதில்ல. ஆனா அந்தக் கோவத்தோட போனா, ஊட்ல என் பசங்க முதுகுல எறக்கிடுவேன். ஒரு தபா எறக்கிட்டேன். அடங்கறதுக்கு ஒரு வண்டி நேரம் ஆவுது."

சில வாரம் கழித்து, அடுத்த வண்டி ரத்து என்று ஒரு மாலை அறிவித்தார்கள்.

"இதுலயே ஏறிடுங்க சார்" என்றேன்.

அவர் வண்டியைப் பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டார்.

"நீங்க போங்க. நான் நடந்துகினே வரேன்."

திருவள்ளூர் ஆறு மைல். வண்டி அவரைத் தாண்டியபோது தண்டவாளத்தை ஒட்டி நிதானமாக நடந்துகொண்டிருந்தார். அவர் போய்ச் சேரும்வரை அந்தப் பிள்ளைகள் தூங்காமல் இருக்க வேண்டுமே என்றுதான் அன்று நினைத்தேன்.