பின்சீட்டில் ஏறிய மெக்கானிக்

கேளம்பாக்கத்து மெக்கானிக் ஒருவரிடம் என் பழைய அம்பாசடரைக் கொண்டுபோய் நிறுத்தி, புதுக் கால இன்ஜினும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் போட்டுத் தரச் சொன்னேன். செல்போன் வீடியோக்களில் கற்ற அத்தனையையும் அரை மணி நேரம் அவருக்கே பாடம் எடுத்தேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அவர் என் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். புது ஷூவை ரசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு மாதத்தில் வேலை முடிந்தது. டிரையல் பார்க்கக் கிளம்பியபோது அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை. பின்சீட்டில் ஏறி, முன்சீட்டை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"சார், லெஃப்ட் கால மடிச்சி சீட்டு மேல வெச்சிக்கோ."

"இருபது வருஷமா வண்டி ஓட்டறேங்க."

"அதான் சார் பயமா கீது."

வண்டி சத்தமே இல்லாமல் போனது. கோவளம் திருப்பத்தில் மீன்கூடையோடு ஒரு அம்மா குறுக்கே வந்தார். கியரைக் குறைக்கிற பழக்கத்தில் என் இடது கால், ஆட்டோமேட்டிக் வண்டியில் இல்லாத கிளட்சைத் தேடிப் பாய்ந்து, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துவிட்டது. என் நெற்றி ஸ்டீயரிங்கில் போய் மோதியது. பின்சீட்டில் இருந்தவருக்குக் கண்ணாடிகூட நழுவவில்லை.

"இன்ஜின மாத்திட்டேன் சார். உன் காலுக்கு எங்கிட்ட ஸ்பேர் இல்ல" என்றார்.

இப்போதெல்லாம் பக்கத்தில் இருக்கிற திருவிடந்தை வரை போனாலும் இடது காலைச் சீட்டில் மடித்து வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன். அந்த அரை மணி நேரப் பாடத்தில் ஒரு வார்த்தையாவது அவர் காதில் விழுந்ததா என்று கேட்க மட்டும் இன்னும் தைரியம் வரவில்லை.