ஒட்டாமல் ஆறவேண்டிய விரல்

இடது கையால் பிடித்து மடக்கினால் என் வலது ஆள்காட்டி விரல் மடங்கும். விட்டுவிட்டு நானாக மடக்க நினைத்தால் அசையாது. முதல் அறிகுறி அதுதான்.

ஆரியசாலைக் கடைவீதியில், ஒரு பாத்திரக் கடையில் பெயர் வெட்டுவது என் வேலை. எவர்சில்வர் விளிம்பு கிழித்து, விரலின் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற நார்) அறுந்தது. மருத்துவமனையில் தைத்தார்கள். தோல் அழகாக ஆறிவிட்டது. மாதங்கள் போயும் விரல் மட்டும் குச்சியாக நின்றது; வெட்டும் கருவியைப் பிடிக்க முடியவில்லை.

“தையல் விட்டுப்போச்சா டாக்டர்?”

“இல்ல செல்வி, நல்லா பிடிச்சிருக்கு. கூடவே சுத்தியுள்ள உறையிலயும் ஒட்டிப்போச்சு. அதாணு பிரச்னம்,” என்றார் டாக்டர். மலையாளி, எங்களுக்காகத் தமிழில் பேசுவார்.

“பிரிச்சு விட்டா மறுபடியும் ஒட்டாதா?” என்று என் கணவர் கேட்டார்.

“ஒட்டலாம்,” என்றார், மறைக்காமல். பிறகு மரபணு மௌனமாக்கல் பற்றிச் சொன்னார். “தழும்பு உண்டாக்கச் சொல்ற ஜீன் உண்டு. அது அனுப்புற கட்டளைய ஒரு சின்னத் துணுக்கு போய் வழியிலயே முறிச்சுடும். ஜீன் அங்கதான் இருக்கும். கொறச்சு நாள் மிண்டாம, வாயத் திறக்காம இருக்கும், அவ்வளவுதான்.”

ஒரேயடியாக அடக்கிவிடவும் கூடாதாம். அறுந்த முனைகள் சேர வேண்டும், உறையோடு ஒட்டக்கூடாது. இத்தனை நுணுக்கம் என் விரலுக்குள்ளா என்று மலைத்துப்போனேன்.

“எனக்கு அதப் போடுவீங்களா?”

“இப்போ மிருகங்கள்லதான் பரிசோதிக்குது. மனுஷருக்கு வர இனியும் சமயம் எடுக்கும். செல்விக்கு ஆபரேஷன்தான்.”

மயக்கம் கொடுக்கவில்லை, கை மரத்துப்போக ஊசி மட்டும். ஒட்டுகளை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு, “இனி மடக்கு செல்வி. பேடிக்கண்டா, பயப்படாத,” என்றார்.

பயத்தை விழுங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். திறந்திருந்த விரலுக்குள் வெளுத்துப் பளபளத்த நார் ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடியது. நான் நினைத்தேன், அது ஓடியது. அழுதுவிட்டேன். வலியே இல்லை.

வலி மறுநாள் வந்தது. பயிற்சியை அன்றே தொடங்கிவிட்டார்கள். மணிக்கொரு முறை மடக்கி நீட்ட வேண்டும். வீக்கத்தைப் பார்த்து ஒரு நாள் விட்டுவிட்டேன். அடுத்த நாள் விரல் மறுபடி முரண்டு பிடித்தது. இதே நிலையில் இருப்பவர்கள் பயிற்சியை மட்டும் விடாதீர்கள். வலித்தால் சிகிச்சை தருபவரிடம் சொல்லுங்கள்.

இன்று கருவியைப் பிடிக்கிறேன். விரல் நுனி உள்ளங்கையைத் தொட இன்னும் ஒரு நெல்மணி அளவு பாக்கி. தழும்பு பல மாதங்கள் மாறிக்கொண்டேயிருக்கும் என்கிறார் டாக்டர். காயம் எப்போதோ முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். நான் கறி நறுக்கும்போதும் பேருந்துக்கு நிற்கும்போதும், என்னைக் கேட்காமலே, அது உள்ளே இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது.