கண் தெரியாத படகோட்டியின் ஊர்

அந்தப் படத்தின் தொடக்க இசை கேட்டாலே அருள்மலருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஹோட்டல் அறைகள் துடைத்துத் துடைத்து விட்டுப்போன இடுப்போடு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானமாவது கொஞ்சம் சரியலாம் என்று அவள் சோபாவில் காலை நீட்டும் நேரம் பார்த்துத்தான் அவளுடைய மனுசன் நவரட்ணம் வீடியோ கசற்றை டெக்குக்குள் தள்ளுவார். பிறகென்ன, கடல், மூடுபனி, கல்வீடு, வாலாட்டுகிற ஒரு நாய். "வந்து பாருமப்பா, என்ன வடிவு!" வருடக்கணக்காக இதே வசனம். ரொறொன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் சுவர் மெல்லிசு. சமைக்கக் குசினிக்குள் போனாலும் தப்ப முடியாது.

படத்தின் கதை இவ்வளவுதான். ஸ்கொட்லாந்தில் கடலோரமாக ஒரு சின்னக் கிராமம். சனத்தை அக்கரைக்கு ஏற்றி இறக்குகிற கிழட்டுப் படகோட்டிக்குக் கண் பார்வை போய்விட்டது. பட்டணத்திலிருந்து சோதிக்க வரும் இன்ஸ்பெக்டருக்கு அது தெரியாமலிருக்க ஊரே ஒன்றாய்ச் சேர்ந்து நாடகம் போடுகிறது. பாதிரியார் மணியடித்துத் திசை காட்டுகிறார். தபாற்காரி விசில் ஊதுகிறாள். கடைக்காரன் இன்ஸ்பெக்டருக்கு ஊற்றிக் கொடுத்தே ஆளைக் கவிழ்க்கிறான். கடைசியில் இன்ஸ்பெக்டருக்கு எல்லாம் தெரியவந்தாலும், அந்தச் சனத்தின் அன்பில் கரைந்துபோய்த் தானும் ஒரு மணியை எடுத்து ஆட்டுகிறார். அந்த இடத்தில் நவரட்ணத்துக்குக் கண் கலங்கும். அருள்மலருக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருக்கும்.

"அப்ப, அந்தப் படகிலை ஏறிற சனத்துக்கு ஆர் சொல்லுறது?" என்று ஒருமுறை கேட்டாள்.

"உமக்கு ரசனை எண்டது மருந்துக்கும் இல்லை" என்றார் அவர்.

கசற்றைக் கொடுத்தது பக்கத்து வீட்டு மக்டலீன். முதியோர் இல்லத்துக்குப் போகும்போது, மனம் சரியில்லாத நாளில் போட்டுப் பார் என்று நவரட்ணத்தின் கையில் திணித்துவிட்டுப் போனாள். அந்தக் கிழவி பிறந்தது கிளாஸ்கோவில், புகை கக்கும் தொழிற்சாலைக்குப் பின்பக்கத்து ஒற்றையறையில். அப்படியொரு ஊரை அவளும் கண்ணால் கண்டதில்லை. காணாத ஊருக்காக அவள் அழுதாள், அதைப் பார்த்து இவர் அழுதார். பிறகு அந்த நோய் ஊர்ச் சங்கத்துக்கும் தொற்றியது. ரொறொன்ரோவில் இருக்கிற நவரட்ணத்தின் ஊர்க்காரர் எல்லாருடைய வீட்டிலும் அந்தப் படத்துக்கு ஒரு கொப்பி. ஆங்கிலம் பாதி விளங்காது. ஆனாலும், "எங்கடை ஊர்தான், அப்பிடியே எங்கடை ஊர்தான்!" என்று துடையில் தட்டிச் சிரிப்பார்கள்.

உண்மைதான், அப்படியே அவர்களுடைய ஊர்தான். அருள்மலருக்கு அதைவிட நன்றாக வேறு யாருக்குத் தெரியும்?

அவள் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். சம்பந்தம் பேசி வந்தபோது அவளைப் பெற்ற ஐயா வழக்கப்படி மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கப் போனார். தேத்தண்ணிக் கடைக்காரரைக் கேட்டார், தபாலதிபரைக் கேட்டார், தலைமை வாத்தியாரின் வீட்டுக்கே போய்க் கேட்டார். எல்லாரும் ஒரே குரலில், பெடியன் தங்கம், பச்சைத்தண்ணியைத் தவிர வேறொன்றும் தொடமாட்டான் என்றார்கள். ஐயா மனம் குளிர்ந்துபோய்த் திரும்பி வந்து நாள் குறித்தார். கலியாணம் முடிந்த அதே கிழமையில் அந்தத் தங்கத்தைக் கள்ளுத் தவறணையிலிருந்து இரண்டு பேர் தூக்கி வந்து போட்டார்கள். அடுத்த கிழமை அடி. கன்னம் வீங்கியபடி கிணற்றடியில் நின்றவளிடம் வாத்தியாரின் பெண்சாதி வந்து, "பொறு பிள்ளை. ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரிவரும்" என்றாள்.

"அப்ப உங்களுக்கு முந்தியே தெரியுமோ?"

"ஊருக்கே தெரியும் பிள்ளை" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அதுதான் கொடுமை. நல்ல சனம் நல்லது செய்துவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு. விசில் ஊதும் தபாற்காரியின் முகத்திலும் அருள்மலர் அதையேதான் கண்டாள்.

பெற்ற பிள்ளையும் தலைக்குமேல் வளர்ந்து, கனடாவுக்கும் வந்து, ஈரல் போகிறது என்று டொக்டர் வெருட்டிய பிறகுதான் நவரட்ணம் குடியை விட்டார். கையும் தானாக அடங்கியது. இப்போது அவர் சீனி போடாத தேத்தண்ணி குடித்துக்கொண்டு படம் பார்க்கிற சாதுவான மனிதர். பழசைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் தொண்ணூற்றாறாம் ஆண்டு கோடையில் கிருபனுக்குப் பெண் பேசத் தொடங்கினார்கள். கிருபன், நவரட்ணத்தின் அக்கா ரதியின் மகன். ஜெர்மனியில் ஒரு பிள்ளையைக் கட்டி, அடித்து, அவளுடைய கையை முறித்து, பொலிஸ் வரை போய், விவாகரத்தாகி இங்கே வந்தவன். ஊர்க்காரர் எல்லாருக்கும் தெரியும். பக்கத்துப் பட்டணமான ஒஷாவாவில் இருக்கிற பெண்வீட்டாருக்கு மட்டும் தெரியாது என்று பேச்சு.

சங்கத்தின் கோடை ஒன்றுகூடலில் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா இறைச்சி வாட்டிக்கொண்டே கட்டளை போட்டார். "எங்கடை ஊர்ப் பெடியன்ரை வாழ்க்கை. ஆர் விசாரிச்சாலும் எல்லாரும் ஒரே மாதிரிக் கதைக்க வேணும், விளங்குதோ? ஒஷாவாவிலையிருந்து இன்ஸ்பெக்டர் வாறார்!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் வாயால் மணியடித்தும் காட்டினான். அருள்மலர் வாயில் வைத்திருந்த சோளத்தைக் கடதாசித் தட்டில் துப்பிவிட்டு எழும்பிப் போனாள். தூ! மனிதரா இவர்கள்?

தாய்மாமன் வீடு என்பதால் பெண்வீட்டார் விசாரிக்க நவரட்ணம் வீட்டுக்குத்தான் வந்தார்கள். பெண்ணின் தாய் ரோகிணிக்கு ஹைவேயில் கார் ஓட்டப் பயம். அதனால் பெண்ணே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். சுபாங்கி என்று பெயர். வங்கியில் வேலை. சப்பாத்தைக் கழற்றிக் கதவோரம் ஒழுங்காக வைத்துவிட்டு, "வணக்கம் அன்ரி" என்றாள். 

"நான் பொய் சொல்லமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்" என்று காலையிலேயே புருசனிடம் சொல்லியிருந்தாள்.

"உம்மை ஆர் பொய் சொல்லச் சொன்னது? வாயைத் திறக்காமல் தேத்தண்ணியைக் குடுத்திட்டு உள்ளுக்கை போம்" என்றார் அவர்.

முன்னதாகவே வந்து குந்தியிருந்த ரதி மச்சாள், தன் மகன் எறும்பையும் மிதிக்காதவன் என்று உருகினாள். பேச்சு ஓய்ந்த இடத்தில் நவரட்ணம் வேறு வழி தெரியாமல் அந்தப் படத்தையே போட்டார். நாய் வாலாட்டியது, மணி அடித்தது. சுபாங்கி வாய்விட்டுச் சிரித்தாள். "So cute, அங்கிள்! எல்லாரும் எவ்வளவு நல்லவை!"

அருள்மலருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. தேத்தண்ணி ஊற்ற ஒத்தாசை கேட்பதுபோல ரோகிணியைக் குசினிக்குள் கூப்பிட்டு, ஜெர்மனிக் கதை முழுவதையும் சொல்லிவிட்டாள். ஒன்றையும் விடவில்லை.

ரோகிணி திடுக்கிடவில்லை. கோப்பைகளைத் தட்டில் அடுக்கியபடி, "தெரியும் அக்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். எங்கடை ஆக்களும் ஜெர்மனியிலை இருக்கினம்தானே. பெடியன் இப்ப திருந்திட்டானாம். மார்க்கம் ரவுணிலை வீடும் வாங்கி வைச்சிருக்கிறான். இவளுக்கும் வயது ஏறுது. வெளியிலை கதை எவ்வளவு தூரம் பரவியிருக்குது எண்டு பாக்கத்தான் நான் வந்தனான்." பிறகு அருள்மலரின் கையைப் பிடித்துக்கொண்டு, அன்பாகத்தான், "பிள்ளைக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. கலியாணம் முடிஞ்ச பிறகு நான் பக்குவமாச் சொல்லுவன்" என்றாள்.

அருள்மலர் கையை இழுத்துக்கொண்டாள். அழுகிய மீனைத் தொட்டதுபோல இருந்தது. இவ்வளவு காலமும் தன் ஐயாவை ஏமாற்றிய அந்த ஊர்தான் பாவி என்று அவள் நினைத்திருந்தாள். தாயும் சேர்ந்தால் பிள்ளை எங்கே போவாள்? சீ, என்ன சென்மங்கள்!

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஹோலுக்குப் போனாள். ரீவியை நிறுத்தினாள். நவரட்ணம், "என்னப்பா!" என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"பிள்ளை சுபாங்கி, கிருபன் முதல் ஒருத்தியைக் கட்டினவன். அடிச்சுக் கையை முறிச்சவன். இது இஞ்சை இருக்கிற எல்லாருக்கும் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியாது."

ரதி மச்சாள், "எடி விசரி! என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையிலை மண்ணள்ளிப் போடுறியோ?" என்று கத்திக்கொண்டு எழும்பினாள். சுபாங்கி தாயின் முகத்தைப் பார்த்தாள். "அம்மா? You knew?"

ரோகிணி தட்டோடு குசினி வாசலில் நின்றாள். அவளால் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இதெல்லாம் பழைய கதை பிள்ளை" என்று நவரட்ணம் குறுக்கிட்டார். "ஆம்பிளையள் எண்டால் அந்த வயதிலை கொஞ்சம் முன்னைப் பின்னைத்தான். நானும் அப்பிடி இருந்தனான்தான். என்ரை மனுசியைக் கேளும், இப்ப நாங்கள் நல்லாத்தானே இருக்கிறம்?"

சுபாங்கி அருள்மலரின் பக்கம் திரும்பினாள். அவளுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. "அன்ரிக்கும் அங்கிள் அடிச்சவரோ? அப்ப நீங்கள் ஏன் விட்டிட்டுப் போகேல்லை?"

இருபத்துநாலு வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. பெற்ற ஐயா கேட்கவில்லை. கோயிலுக்குக் கோயில் சந்திக்கிற சனம் கேட்கவில்லை.  நவரட்ணம் தலையைக் குனிந்து கையிலிருந்த றிமோட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"போகலாம் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, பிள்ளை" என்றாள். "உனக்கு நான் சொல்லுறன். போ."

சுபாங்கி எழும்பி, கதவடியில் குந்தியிருந்து சப்பாத்து நாடாவைக் கட்டினாள். இரண்டு முறை கட்டியும் முடிச்சு விழவில்லை. அருள்மலர் பக்கத்தில் குனிந்து தானே கட்டிவிட்டாள். பிறகு தன்னுடைய செருப்பையும் மாட்டிக்கொண்டு அந்தப் பிள்ளையோடு வெளியே இறங்கினாள்.