கிணற்றடி மாத்திரை

பாயா ரும்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் கணவர் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலம். மலாக்கா வெயிலில் நான் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரிக்காதீர்கள். பால் வெட்டிவிட்டு வியர்த்து வழிந்து திரும்பும் பெண்கள் எங்கள் வாசலில் நின்று, "என்னாம்மா, நாங்க வேகுறோம், நீங்க நடுங்குறீங்க!" என்பார்கள்.

மகள் பிறந்த பிறகுதான் ஆரம்பித்தது. முகம் ஊதியது, குரல் கரகரத்தது, தலைமயிர் சீப்போடு வந்தது. இரண்டு கவளம் சாப்பிட்டாலும் உடம்பு பெருத்தது. என் மாமியார் யாழ்ப்பாணத்துச் சைவப்பழம், சிவதீட்சை பெற்றவர். மருமகள் கள்ளத்தீன் தின்கிறாள் என்று முடிவுகட்டி, குசினி அலுமாரியைப் பூட்டிவிட்டார். அதன் பிறகும் நான் பெருத்தேன். "மற்றத் திறப்பு எங்கை?" என்று, நான் இன்னொரு சாவி ஒளித்து வைத்திருப்பதுபோல் என்னையே கேட்டார்.

கோலாலம்பூரிலிருந்த என் அண்ணன் லீவில் யாழ்ப்பாணம் போகையில் என்னையும் கூட்டிப் போகட்டும், குழந்தை இங்கேயே இருக்கட்டும் என்று மாமி தீர்ப்புச் சொன்னார். பிள்ளையைப் பிரிக்கிறார்களே என்று கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

கப்பலுக்கு முன் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று கணவர் மலாக்கா டவுனுக்கு அழைத்துப் போனார். நான் நடிக்கிறேன் என்று டாக்டர் சொல்வதைக் காதால் கேட்க மாமியும் பஸ் ஏறினார். டாக்டரும் எங்கள் ஊர்க்காரர். நாடி பார்த்தார், முழங்காலில் சுத்தியலால் தட்டினார். என் கால் யோசித்து யோசித்துத்தான் கீழே இறங்கியது.

"கழுத்திலை ஒரு சுரப்பி இருக்கு, அம்மா," என்றார் மாமியிடம். "சாப்பாட்டை உடம்பு எவ்வளவு வேகமா எரிக்கோணும் எண்டதை அதிலை சுரக்கிற சாறுதான் நடத்துது. இவவுக்கு அது வத்திப்போச்சு. அடுப்பிலை விறகு இருக்கு, நெருப்புத்தான் மந்தம். அதுதான் குளிருது, களைக்குது, உடம்பு ஊதுது. கள்ளமும் இல்லை, சோம்பலும் இல்லை."

நான் அழுதுவிட்டேன். வியாதி என்று கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆனால் மருந்து? ஆட்டின் அதே சுரப்பியை உலர்த்திப் பொடித்துச் செய்த மாத்திரை. டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஆயுள் முழுக்க விழுங்க வேண்டுமாம். மீன் கூடைக்காரனை வாசலிலேயே நிற்க விடாதவர் மாமி.

மறுநாள் விடியற்காலை மாமி என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். ஒரு கையில் மாத்திரை, மறு கையில் செம்பு.

"இதிலை நிண்டு விழுங்கு. முழுகிப்போட்டு உள்ளுக்கு வா."

குளிர் தாங்காதவளுக்கு நாள் தவறாமல் விடியற்காலை முழுக்கு! பல் கிட்டித்தது. இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு முழுகினேன்.

சில வாரங்கள் கழித்துத் துணி துவைக்கும்போது முதுகில் ஏதோ ஊர்ந்தது. எறும்பென்று தட்டினேன். வியர்வை. சோப்புக் கையோடு அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன்.

அண்ணன் சொன்னபடி வந்து சேர்ந்தார். மாமி அவருக்குக் கோப்பி கொடுத்தார்.

"அவள் எங்கையும் வரேல்லை, தம்பி. பிள்ளைக்குத் தாய் வேணும்." பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, "நான்தான் வீணாப் பழி போட்டுட்டன்," என்றார்.

நான் மகளைத் தூக்கிக்கொண்டேன். பொழுது சாயும்வரை இறக்கவில்லை. கை வலிக்கவே இல்லை.